நீ எழுதிக் கொடுத்த பன்னிரண்டு பெயர்கள்

எங்கள் வீட்டுக் கடைக்குட்டி கோகிலாவுக்கு,

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. திதிக்கு என்ன படைக்கலாம் என்று உன் அண்ணன் காலையில் கேட்டார். உனக்குப் பிடித்தது நெத்திலி சம்பல். அதை வைத்தால் ஐயர் முகம் சுளிப்பாரே என்று அவருக்குக் கவலை. சுளித்தால் சுளிக்கட்டும், சாப்பிடப்போவது ஐயர் இல்லையே என்று சொல்லிவிட்டேன்.

பத்திரிகையில் நினைவஞ்சலி என்றால் படத்தைப் போட்டு நாலு வரி எழுதுவதுதான் வழக்கம். நாலு வரியில் நிறுத்த எனக்கு வராது. வகுப்பு முடிந்து மாணவர்கள் பையைத் தூக்கிய பிறகும் பேசிக்கொண்டே இருப்பவள் என்று நீயே கேலி செய்வாய். தவிர, இதில் ஒரு மன்னிப்பும் இருக்கிறது. தப்பை ஊரறியச் செய்துவிட்டு மன்னிப்பை மட்டும் பூஜை அறையில் கேட்டால் சரியில்லை.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். கோகிலா என் கணவரின் தங்கை. கல்யாணத்துக்கு முன்பு ஜொகூர் பாருவில் தொழிற்சாலை வேலை. கணவர் காஹாங் செம்பனை எண்ணெய் ஆலையில் இருந்ததால் அங்கே குடிபோனாள். பிள்ளை இல்லை. அவர் இறந்த பிறகும் அந்த வீட்டை விட்டு வரமாட்டேன் என்று தனியாகவே இருந்தாள். நான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் சொல்லிக்கொடுக்கிறேன். ரப்பர்த் தோட்டங்களை விட்டு வெளியே வந்த தமிழ்க் குடும்பங்கள் இப்போது எப்படி இருக்கின்றன, மனசும் உடம்பும் சுகமாக இருக்கின்றனவா என்று ஓர் ஆய்வு செய்தேன். வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டு எழுத ஆள் தேவைப்பட்டது. உன்னைக் கூப்பிட்டேன். இனி உன்னோடு பேசுகிறேன்.

நீ வராமல் இருந்திருந்தால் பாதி வீடுகளில் எனக்குக் கதவே திறந்திருக்காது. கையில் கோப்போடு ஒரு பெண் வாசலில் நின்றால் கடன் வசூலிக்க வந்தவள் என்றோ மதம் மாற்ற வந்தவள் என்றோதான் நினைப்பார்கள். நீ செருப்பைக் கழற்றும்போதே, "யக்கா, தண்ணி கலக்காதீங்க, இப்பதான் குடிச்சிட்டு வந்தோம்," என்பாய். அப்படிச் சொன்னால் கட்டாயம் குடிக்க ஏதாவது கலக்குவார்கள் என்று உனக்குத் தெரியும். மைலோ வரும், பிறகு பேச்சும் வரும்.

ஆறாவது கேள்வி நினைவிருக்கிறதா? 'உங்களுக்கு ஒரு கஷ்டம் என்றால் உதவிக்கு யார் யார் இருக்கிறார்கள்? பெயர்களைச் சொல்லுங்கள்.' எங்கோ வேறு நாட்டில் யாரோ தங்கள் மக்களுக்காக எழுதிய கேள்வி அது. நான் அதை நல்ல தமிழில் மாற்றி வைத்திருந்தேன். தமிழ் நன்றாக வந்துவிட்டதில் எனக்குப் பெருமை வேறு.

பச்சையம்மாள் வீட்டில் அந்தக் கேள்வியை நீதான் கேட்டாய். சர்க்கரை நோயில் காலில் ஆறாத புண்ணோடு தனியாக இருக்கும் அம்மா. விரலை மடக்கி மடக்கிச் சொன்னார்.

"எழுதிக்கம்மா. பெரியவன் முருகேசு, அவன் சம்சாரம். மெர்சிங்ல என் தம்பி. குளுவாங் சின்னம்மா பேர விட்டுடாத, அது மூஞ்சிய தூக்கி வச்சிக்கும். அப்புறம் சிங்கப்பூர்ல வேல செய்யிற மருமவன்."

நாம் வாசலைத் தாண்டி காரில் ஏறப்போகும்போது கம்பைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வெளியே வந்தார். "அடடா, தோட்டத்து லயத்துல பக்கத்து வீட்டு ராஜுவ விட்டுட்டேன். அவனையும் எழுதிக்க." நீ காரின் மேல் படிவத்தை வைத்து எழுதிக்கொண்டாய். எனக்கு உள்ளம் குளிர்ந்துபோனது. தோட்டம் போனாலும் உறவு போகவில்லை என்று அன்றைக்கே மனதுக்குள் முடிவுரையை எழுதிவிட்டேன்.

குளுவாங் ரோட்டில் திரும்பும்போது நீ சொன்னாய்.

"அண்ணி, இந்தக் கேள்வி சரிப்படாது."

"ஏன், நல்லாத்தான பதில் சொல்றாங்க?"

"கல்யாணப் பத்திரிகைக்குப் பேர் குடுக்குற மாதிரி குடுக்குறாங்க. யாரையும் விட்டுடக் கூடாதுன்னுதான் பாக்குறாங்க. அந்த ராஜு ஈப்போவுக்குப் போயி எத்தன வருஷம் ஆச்சு தெரியுமா? கால் வலிச்சா அவன் வருவானா?"

"அவங்க சொன்னததான் எழுத முடியும். நாமளா மாத்தக் கூடாது."

"மாத்தச் சொல்லல. வேற மாதிரி கேக்கலாம்லா."

"கோகிலா, நீ கேட்டு எழுது, அது போதும். யோசிக்கிறதுக்குத்தான் நான் இருக்கேன்."

இந்தக் கடைசி வாக்கியத்தை எப்படியாவது மறைத்துவிடலாமா என்று பார்த்தேன். மறைத்தால் இந்தக் கடிதமே வேண்டாம். நான் அப்படியே சொன்னேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். பிறகு வேலை முடியும் வரை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை, படிவங்களை மட்டும் எப்போதும்போல் சுத்தமாக எழுதிக் கொடுத்தாய்.

ஒரு பெயரை விட்டுவிட்டால் நம் வீடுகளில் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியாத விஷயமா? என் கல்யாணப் பத்திரிகையில் தங்காக் பெரியப்பாவின் பெயரை அப்பா மறந்துவிட்டார். கூறைப்புடவை எடுக்க எங்களோடு தங்காக்கில் கடை கடையாக ஏறி இறங்கி, பார்டர் அகலம் போதாது என்று கடைக்காரரோடு சண்டை போட்டவர் அந்தப் பெரியப்பா. கல்யாணத்துக்கு வந்தார், கடைசி வரிசையில் உட்கார்ந்தார், சாப்பிடாமல் போனார். ஏழு வருடம் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எந்த விசேஷத்துக்கும் பெயர்ப்பட்டியலை மூன்று பேர் உரக்கப் படித்துப் பார்த்துத்தான் அச்சுக்குக் கொடுப்போம். இவ்வளவும் பட்டவள் நான். கோப்பைக் கையில் எடுத்ததும் எல்லாம் மறந்துவிட்டது.

அறிக்கை வந்தது. காஹாங் வட்டாரத்தில் நாம் பார்த்த குடும்பங்களுக்கு உறவுப் பலம் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தேன். ஜொகூர் பாருவில் ஒரு கருத்தரங்கில் வாசித்தேன், கை தட்டினார்கள். அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒரு சிறிய தொண்டமைப்பை நடத்தும் அம்மா ஒருவரும் இருந்தார். அவர்கள்தான் வாரம் ஒருமுறை இரண்டு பெண்களை காஹாங்குக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தனியாக இருப்பவர்களைப் பார்த்து, மருந்து சாப்பிட்டார்களா என்று கேட்டு, தேவைப்பட்டால் கிளினிக்குக் கூட்டிப் போவது அந்தப் பெண்களின் வேலை. இங்கே ஆட்கள் இருக்கிறார்கள் என்று ஆய்வே சொல்கிறதே என்று அந்த அமைப்பு காஹாங்கை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போனது.

அந்தப் பெண்கள் உன் வீட்டுக்கும் வந்துகொண்டிருந்தார்கள். ஒரு நாள் போனில் சொன்னாய்.

"அண்ணி, செல்வி இனிமே வரமாட்டாளாம்."

"நல்லதுதான கோகிலா. உங்க பக்கம் எல்லாருக்கும் ஆளுங்க இருக்காங்க. இல்லாத எடத்துக்குப் போவட்டும்."

"ம்," என்றாய். பிறகு உன் அண்ணனின் முட்டி வலியை விசாரித்தாய். அந்த 'ம்' சொன்ன நாளில் மார்பில் கட்டி இருப்பது உனக்குத் தெரியும் என்று பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். செல்வி வந்திருந்தால் அவளிடமாவது சொல்லியிருப்பாயா? அவள் உன்னை இழுத்துக்கொண்டு போயிருப்பாளா? இரண்டுக்கும் எனக்குப் பதில் தெரியாது.

நீ எங்கள் யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு மலாய் அக்கா, நீ காக் ரோஸ் என்று கூப்பிடுவாயே, அவர்தான் தன் பழைய காரில் உன்னை குளுவாங் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறார். ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு தடவையும். வாந்தி எடுத்தால் பிடிக்க மடியில் ஒரு வாளி. வரும் வழியில் குடிக்க இளநீர். எங்களுக்குத் தகவல் வந்தபோது நீ படுத்துவிட்டாய். நாங்கள் வந்த ஐந்தாம் நாள் எல்லாம் முடிந்தது.

உன் சாவுக்கு வந்த கூட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும். மெர்சிங், தங்காக், ஈப்போ, சிங்கப்பூர், எல்லா இடத்திலிருந்தும் வந்தார்கள். சிங்கப்பூர்ப் பாலத்தில் நெரிசலில் மாட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் நின்று வந்தவர்கள் உண்டு. யார் பாடைக்குத் தோள் கொடுப்பது என்று போட்டியே நடந்தது. ஒரு பெயர் விட்டுப்போகவில்லை. காக் ரோஸ் மட்டும் உள்ளே வராமல் செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். நான் போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று மலாயில் கேட்டேன்.

"டியா தாக் மாவ் சூசாக்கான் ஓராங்," என்றார். யாருக்கும் தொந்தரவு கொடுக்க உனக்கு விருப்பமில்லையாம். சொல்லிவிட்டு முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அழுகை வரவில்லை, வெட்கம்தான் வந்தது.

காரியம் முடிந்து சில வாரங்கள் கழித்து அலுவலக அலமாரியை ஒழித்தேன். ஆய்வு தொடங்கும் முன்பு, பழகிக்கொள்வதற்காக எழுதுகிற எல்லாரையும் தங்களைப் பற்றியே ஒரு படிவம் நிரப்பச் சொல்லியிருந்தேன். உன்னுடையது கிடைத்தது. ஆறாவது கேள்விக்கு உன் குண்டு குண்டான எழுத்தில் பன்னிரண்டு பெயர்கள். முதல் பெயர் நான். பெயர் சொல்லக் கூடாது என்று 'அண்ணி' என்றே எழுதியிருந்தாய். அதற்குக் கீழே உன் அண்ணன், பிறகு வரிசையாக எல்லாரும். காக் ரோஸ் அதில் இல்லை.

முதல் ஆளாக எழுதிய என்னை நீ கூப்பிடவில்லை. எழுதாத ஒருவரின் காரில் ஏறிப் போனாய்.

கோகிலா, உன் மேல் எனக்குக் கோபமும் உண்டு. நீ என்ன பெரிய தியாகியா? இரண்டு மணி நேரம் கார் ஓட்டி வருவது எனக்கு அவ்வளவு கஷ்டமா? ஒரு போன் செய்திருக்கக் கூடாதா? அப்புறம் கோபம் என் பக்கமே திரும்புகிறது. யோசிக்கத்தான் நான் இருக்கிறேன் என்று சொன்னவளிடம் எப்படிச் சொல்வாய்? உனக்கு ஆட்கள் இருக்கிறார்கள் என்று நானே அறிக்கை எழுதிக் கையெழுத்தும் போட்ட பிறகு எந்த முகத்தோடு இல்லை என்பாய்?

மறுபடியும் காஹாங் போனேன், தனியாக. பழைய வீடுகளிலேயே கேட்டேன். ஆறாவது கேள்வியைத் தூக்கிவிட்டேன். போன தடவை உடம்பு முடியாதபோது யார் கூட வந்தார்கள் என்று மட்டும் கேட்டேன். பச்சையம்மாள் சிரித்துவிட்டார்.

"யாரு வருவா? நானே வாடகைக் கார் புடிச்சிப் போனேன். சில சமயம் கடைக்கார வங்காளதேசத்துத் தம்பி மோட்டார்ல ஏத்திக்கும்."

"அன்னைக்கு அத்தன பேர் சொன்னீங்களேம்மா."

"இருக்காங்கதான? இல்லன்னா சொன்னேன்? மருமவன் விடியக்கால நாலு மணிக்கு பாலத்தத் தாண்டணும். அவனக் கூப்பிட்டு, காலு சீழ் புடிச்சிருச்சு வாடான்னு சொல்ல முடியுமா? நீங்க ஃபாரத்த வச்சிக்கிட்டுக் கேக்குறீங்க. எனக்கு ஆளு இல்லன்னு எழுதுனா எம்புள்ளைக்குத்தான அசிங்கம். ஒரு பேர வுட்டு, அது அவங்க காதுக்குப் போச்சுன்னா நாளைக்கு எங்க மூஞ்சிய வைக்கிறது?"

நீ காரில் சொன்னதையே அவரும் சொன்னார். போன வீடுகளில் பெரும்பாலும் இதே கதைதான். சிலருக்குப் பிள்ளைகளே வந்திருந்தார்கள், அதையும் எழுதிக்கொண்டேன். மற்றவர்களுக்கு ஒரு காவலாளி, ஒரு சீனக் கடைக்காரர், பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பம். பலருக்கு ஒருவரும் இல்லை.

அந்தப் பெயர்ப்பட்டியல்கள் பொய் என்று இப்போதும் சொல்லமாட்டேன். உன் சாவில் நானே பார்த்தேன், அத்தனை பேரும் வந்தார்கள். நல்லதுக்கும் கெட்டதுக்கும் நம் ஆட்கள் வந்து நிற்பார்கள். நடுவில் வருகிற காய்ச்சலுக்கும் கட்டிக்கும் கூப்பிடத்தான் நமக்குப் பழக்கமில்லை. இதை நான் எந்த அத்தியாயத்திலும் எழுதவில்லை.

என்ன செய்வது என்று பல நாள் தடுமாறினேன். பதவி உயர்வுக்கு நேர்காணல் நெருங்கிக்கொண்டிருந்தது, என் விண்ணப்பத்தில் முதலில் இருந்ததே இந்த ஆய்வைப் பற்றி நான் எழுதிய கட்டுரைதான். துறையில் எனக்கு வேண்டிய ஒருவரிடம் சொன்னேன். "ஏன் நீங்களே போயி சொல்றீங்க? அடுத்த ஆய்வுல கேள்விய மாத்திக்கிட்டாப் போச்சுலா. யாரு கேக்கப் போறா?" என்றார். கெட்டவர் இல்லை, என் நல்லதுக்குத்தான் சொன்னார். அவர் சொன்னபடியே செய்துவிடலாம் என்று இரண்டு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன். உன்னிடம் இதை ஒளிக்க முடியாது.

போன செவ்வாய்க்கிழமை அந்தத் தொண்டமைப்பின் கூட்டத்துக்குப் போனேன். ஆறாவது கேள்வியால் என் முடிவு தப்பு, என்னோடு வேலை செய்தவள் அப்போதே சொன்னாள், நான் கேட்கவில்லை என்று உன் பெயரைச் சொல்லிச் சொன்னேன்.

"டாக்டர், நீங்க எழுதுனத நம்பித்தான நாங்க நிறுத்துனோம்," என்றார் அந்த அம்மா.

"ஆமாங்க. அதனாலதான் நானே வந்து சொல்றேன்."

அவர் திட்டியிருந்தால் தேவலை. குறிப்பேட்டை மூடிவிட்டு, "சரி, யார் யார் வீடுன்னு சொல்லுங்க," என்றார். செல்வி தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டாள், திரும்பி வரமாட்டாள். இன்னொரு பெண் ஒத்துக்கொண்டிருக்கிறாள். அடுத்த மாதத்திலிருந்து சில வீடுகளுக்கு மட்டும், பச்சையம்மாள் வீடு முதலில். பழையபடி எல்லா வீட்டுக்கும் போக இன்னும் எவ்வளவு காலம் ஆகும் என்று தெரியவில்லை. கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். நேர்காணல் தள்ளிப்போனது. மறுபடியும் கூப்பிடுவார்களா என்பது சந்தேகம்தான்.

வீட்டுக்கு வந்து உன் அண்ணனிடம் சொன்னேன். அவர் சட்டையைக் கூட மாற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து, "கடைசியில எந்தங்கச்சி உன்ன ஜெயிச்சிட்டா," என்றார். சிரிக்கத்தான் ஆரம்பித்தார். உன் சாவில் அழாத மனுஷன், அன்றைக்கு உட்கார்ந்து அழுதார். நான் பக்கத்தில் இருந்தேன்.

இன்னும் ஒரு விஷயம். புதிய படிவத்தை யாரிடமும் கொடுக்கும் முன்பு, வழக்கப்படி நானே முதலில் நிரப்பிப் பார்த்தேன். கடைசியாக உடம்பு முடியாதபோது உங்களோடு யார் வந்தார்கள்? என் கைப்பையில் மூன்று வாரமாக ஓர் ஆஸ்பத்திரி அட்டை இருக்கிறது. வியாழக்கிழமை காலை எட்டரைக்கு ஸ்கேன். வயிற்றில் ஏதோ, பார்த்துவிடலாம் என்று டாக்டர் சொன்னார். உன் அண்ணனுக்கு முட்டி வலி, மகளுக்குப் பரீட்சை, நானே கார் ஓட்டிப் போய்விட்டு வந்துவிடலாம் என்று இருந்தேன். ஒருவரிடமும் சொல்லவில்லை. உன்னைக் கோபித்துக்கொண்ட அதே நாட்களில்தான் இதுவும்.

இந்தக் கடிதம் அச்சாகி வரும்போது அந்த வியாழக்கிழமை முடிந்திருக்கும். என்ன சொன்னார்கள் என்று இப்போது தெரியாது. உன் அண்ணன் கூடத்தில் பந்து விளையாட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இதை மூடி வைத்துவிட்டு, போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "வியாழக்கிழமை லீவு போடுங்க, எங்கூட ஆஸ்பத்திரிக்கு வரணும்," என்று சொல்வேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

நீ கூப்பிட்டிருந்தால் அன்றைக்கே கிளம்பி வந்திருப்பாள்,
உன் அண்ணி